முற்றமே முதற் பள்ளி

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



"சிறு பிள்ளைகளின் கல்வி" என்னும் பொருள்பற்றி இங்கே பேசுமாறு செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையின் முன்னே நின்றவனாதலால் எனக்கு இது கைவந்த பொருளாயிருக்கும் என்று அவர் எண்ணினார் போலும். ஆயின், நான் இன்று சொல்லப்போவதிற் பெரும்பகுதி கரும்பலகையின் முன்னே கற்றதன்று. என் வீட்டு முற்றத்திலே ஒரு சிறு பிள்ளையிடமும் அவனுடைய அப்பாச்சியிடமும் கற்றது. அதுவும் ஒரு பிழையைச் செய்துவிட்டு அதன் பின்னர்க் கற்றது. ஆகவே அந்தப் பிழையையே முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

என் பேரனுக்கு மூன்று வயது நிறைந்த ஆண்டு, விசயதசமியன்று ஏடு தொடக்கினோம். தட்டிலே பரப்பிய பச்சையரிசியில் அவனுடைய விரலைப் பிடித்து "அ" எழுதுவித்தேன். அரிசி விரலிலே கூசவே அவன் கலகலவென்று சிரித்தான். மறுநாளே நான் கடைக்குச் சென்று ஒரு கொப்பியும் பென்சிலும் வாங்கி வந்தேன். நாளுக்கு ஒரு பக்கம் எழுதவேண்டும் என்பது என் கட்டளை. கோடு வளைந்தால் அழிக்கச் சொன்னேன். பென்சிலைப் பிடிக்கும் முறை பிழைத்தால் ஏசினேன். மூன்றாம் வாரத்திலே பென்சில் காணாமற் போயிற்று. வேறொன்று வாங்கினேன், அதுவும் போயிற்று. ஒருநாள் வாழைக்குத் தண்ணீர் விடும்பொழுது பாத்தியிலிருந்து இரண்டு பென்சில்களும் வெளியே வந்தன. அவனைக் கூப்பிட்டு, "ஏன் அப்பன் இதைத் தாட்டாய்?" என்று கேட்டேன். "பென்சில் எடுத்தா நீங்கள் ஏசுவியள், அப்பப்பா" என்றான்.

அன்பர்களே, எத்தனையோ மாணாக்கரின் விடைகளைத் திருத்தியவன் நான். இந்த ஒரு விடையைத் திருத்த என்னிடம் மை இருக்கவில்லை. எழுத்தறிவிக்கப் புறப்பட்ட நான் எழுத்தை அஞ்சுவதற்கன்றோ அவனுக்குக் கற்பித்துவிட்டேன்!

அவனுடைய அப்பாச்சி என்னை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாட் காலையிலே ஒரு சுளகில் ஒரு பிடி புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டு திண்ணையில் இருந்தார். அவனைக் கூப்பிடவுமில்லை. தாமே கொட்டைகளைப் பெரிதும் சிறிதுமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்திலே அவன் தானாக அருகில் வந்து குந்தினான். "இது பெரிசு, அப்பாச்சி, இஞ்சாலை போடுங்கோ" என்று அவருக்கே பாடம் சொல்லத் தொடங்கினான். எனது பாடம் நின்ற இடத்திலே அவரது பாடம் தொடங்கிற்று.

அதன் பின்னரே ஏடு தொடக்கும் வழக்கத்தை நான் ஊன்றிப் பார்த்தேன். அங்கே கொப்பியில்லை, பென்சிலில்லை. பெரியவர் மடியிலே பிள்ளை இருக்கின்றது. விரலே எழுத்தாணி; அரிசியே ஏடு. எழுத்துப் பிழைத்தால் அரிசியைத் தடவிவிட, ஏடு மீண்டும் புதிதாகிவிடுகின்றது. சிவப்பு மையாற் கீறிய அடையாளம் ஏதும் அங்கே மிஞ்சுவதில்லை. எப்படிக் கற்பிக்கவேண்டும் என்பது முழுவதும் அந்த ஒரு நாழிகையிலே அடங்கியிருக்கின்றது. நாமோ அதனை ஒருநாட் சடங்கென்று முடித்துவிட்டு மறுநாள் கொப்பியைப் பிடிக்கின்றோம்.

முன்னாளிலே அது ஒருநாட் சடங்காக இருக்கவில்லை. திண்ணைப் பள்ளிகளிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். ஓலையும் எழுத்தாணியும் அதற்குப் பின்னரே கைக்கு வந்தன. சென்னையிலே படைவீரரின் அநாதைப் பிள்ளைகளுக்கான பாடசாலையை 1789ஆம் ஆண்டு முதல் நடத்திய அந்திரு பெல் என்னும் ஆங்கிலேய திருச்சபைப் பாதிரியார், அயலிலிருந்த நாட்டுப் பள்ளியிலே பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பாடசாலையிலும் புகுத்தினார். 1797இல் அதுபற்றி இலண்டனிலே நூலும் வெளியிட்டார். அதன் பயனாக இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளும் மணற்றட்டிலே எழுதப் பழகினார்கள். நம்மவர் திண்ணையிலிருந்து கடல் கடந்து சென்ற முறையை நாமே கைவிட்டிருக்கின்றோம்.

மேனாட்டிலும் இவ்வுண்மையைக் கண்டவர்கள் உளர். செருமனி நாட்டுப் பிறோபல் என்பார் 1837இல் பிளாங்கன்பேர்க் என்னும் ஊரிலே சிறுவர்க்கென ஒரு நிலையம் தொடக்கினார். 1840இல் அதற்குக் "குழந்தைகள் தோட்டம்" என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். பிள்ளைகளின் கையிலே அவர் முதலிற் கொடுத்தது புத்தகமன்று. கம்பளி நூலாற் செய்த பந்துகள். அடுத்துக் கொடுத்தவை மரத்தாலான உருண்டையும் உருளையும் கட்டையும். இத்தாலி நாட்டு மரியா மொன்ரிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆந் தேதி, உரோமாபுரியிலே ஏழைகள் வாழ்ந்த சான் லொறென்சோப் பகுதியில் ஒரு குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். சொரசொரப்பான தாளிலே எழுத்துக்களை வெட்டி மட்டையில் ஒட்டி, அவற்றைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பார்க்கச் செய்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து போர்க்காலத்தை இந்தியாவிலே கழித்த அவர், 1944இல் இலங்கைக்கும் வந்தார். இன்றும் நம் ஊர்களிற் சில இடங்களிலே முன்பள்ளியை "மொன்ரிசோரி" என்றே சொல்லுகின்றோம். பெயர் நிலைத்துவிட்டது, கருத்து நழுவிவிட்டது.

அந்தக் கருத்து யாதெனின், கை முதல், எழுத்துப் பின் என்பதே. பென்சிலைப் பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து தாங்கவேண்டும். மூன்று வயதுப் பிள்ளையின் விரல்களுக்கு அந்த வலு முற்றி வருவதில்லை. கொட்டை பொறுக்கியும், களிமண் பிசைந்தும், ஓலை மடித்தும், நூல் கோத்தும் அந்த வலு வரவேண்டும். வலு வருமுன் கோடு கீறச் சொல்லுவது, வேர் விடாத கன்றிலே காய் தேடுவதை ஒக்கும்.

இனி, நம் வளவிலும் அடுக்களையிலும் கிடைக்கும் பொருள்களைக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

சுளகிலே உழுந்து, பயறு, கடலை மூன்றையும் கலந்துவையுங்கள். பிள்ளை அவற்றைப் பிரித்து மூன்று சிரட்டையிலே போடட்டும். இது பார்வைக்கு விளையாட்டு. உண்மையிலே இனம் பிரித்தல் என்னும் கணக்கின் முதற் பாடம். அடுத்துப் புளியங்கொட்டையை ஐந்தைந்தாகக் குவிக்கச் சொல்லுங்கள். பின்னர்ப் பல்லாங்குழிப் பலகையை இறக்குங்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து, மொத்தம் எழுபது. ஆடி ஆடி இவ்வெண்கள் கைவழியே மனத்துக்குள் இறங்கியபின், பாடசாலையிலே ஐந்தாம் வாய்பாடு பழைய நண்பனைப்போல வந்து நிற்கும்.

இங்கே பெரியோர்க்கு ஒரு சொல். ஆறு கொட்டைகளை ஒரு வரிசையிலும் ஆறு கொட்டைகளை அதன் கீழே இன்னொரு வரிசையிலும் நேர்நேராக வையுங்கள். நாலு வயதுப் பிள்ளை இரண்டும் சமம் என்று சொல்லும். அதன் கண்முன்னே ஒரு வரிசையைச் சற்று அகலப் பரப்பிவிட்டுக் கேளுங்கள். நீண்ட வரிசையிலேதான் கூட இருக்கின்றது என்று பெரும்பாலும் சொல்லும். இது மந்தபுத்தியன்று. சுவிற்சலாந்து நாட்டு அறிஞர் பியாசே 1941இல் வெளியிட்ட நூலிலே இதனை விரிவாக எடுத்துக் காட்டினார். இன்னும் சில ஆண்டுகளிலே அதே பிள்ளை, "கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை, எப்படி மாறும்?" என்று நம்மையே கேட்கும். அந்நாள்வரையும் கொட்டையை மீண்டும் மீண்டும் பரப்பவும் சேர்க்கவும் விடுவதே நாம் செய்யவேண்டியது. தலையிலே குட்டுவதனால் அந்நாள் விரைந்து வாராது.

குளிக்கும் நேரத்தையும் பாடமாக்கலாம். ஒரு சிரட்டை, ஒரு பால்பேணி, ஒரு செம்பு இருந்தாற் போதும். எத்தனை சிரட்டைத் தண்ணீரிலே பேணி நிறையும், எத்தனை பேணியிலே செம்பு நிறையும் என்று பிள்ளையே ஊற்றிப் பார்க்கட்டும். முற்றத்திலே ஒரு தடியை நட்டு, காலையிலும் உச்சியிலும் மாலையிலும் அதன் நிழல் முடியுமிடத்திலே ஒவ்வொரு கல் வைக்கச் சொல்லுங்கள். நிழல் குறுகியும் நீண்டும் திசை மாறுவதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். ஈரத்துணியிலே முடிந்த பயறு ஓரிரு நாளிலே முளைவிடுவதைக் காட்டுங்கள். நாமாக விளக்கம் சொல்லிக் கெடுக்காமல், கேட்டபின் சொல்லுவது நன்று.

அடுத்து, ஓலை. பனை நமக்குக் கற்பகதரு என்று மேடையிலே சொல்லுகின்றோம். பிள்ளையின் கையிலே அதனை வைப்பதில்லை. சார்வோலையை வெயிலிலே உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஓரங்குல அகலமாக வார்ந்து கொடுத்தால், நாலு வயதுப் பிள்ளை சிறு தடுக்கு இழைக்கத் தொடங்கலாம். "ஒன்று மேலே, ஒன்று கீழே" என்று வாயாற் சொல்லிக்கொண்டே இழைக்கும். ஒன்று தவறினால் எங்கே தவறிற்று என்பதை ஓலையே காட்டிவிடும். ஏசுவதற்கு ஒருவர் வேண்டியதில்லை. தென்னோலையிலே பந்து, பாம்பு, கிளி, மூக்குக்கண்ணாடி, ஈர்க்கிலே குத்திய காற்றாடி முதலியன செய்யத் தெரிந்தவர்கள் இச்சபையிலே பலர் இருப்பீர்கள். சிறு கல் இட்டு இழைத்த கிலுகிலுப்பை நம்மிற் பலருக்கு முதல் விளையாட்டுப் பொருளாயிருந்தது. நுங்கு குடித்த கோம்பை இரண்டைத் தடியிலே கோத்து, கவர்த்தடியாலே தள்ளினால் வண்டி. பூவரசம் இலையைச் சுருட்டி நுனியைச் சப்பையாக்கி ஊதினால் குழல். இரண்டு வெற்று நெருப்புப்பெட்டிகளை நீண்ட நூலாலே தொடுத்து, நூலை விறைப்பாகப் பிடித்துப் பேசினால் மறுமுனையிலே கேட்கும். நூல் தளர்ந்தாற் கேளாது. ஏன் என்று பிள்ளை கேட்டால், நூலின் நடுக்கத்தை அதன் விரலாலே தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள். ஒலி அதிர்வின் வழியாகச் செல்லுகின்றது என்னும் பாடம் அங்கேயே முடிந்தது.

எழுத்துக்கு வருவோம். தமிழெழுத்துக்களிற் பல வளைவுடையன. "அ" அழகிய எழுத்தே. ஆயினும் பிஞ்சு விரலுக்கு அது கடினம். "ட" இரண்டு கோடு. "ப" மூன்று கோடு. இவை இரண்டையும் ஈர்க்குத் துண்டுகளை அடுக்கியே ஆக்கலாம். களிமண்ணைப் பாம்புபோல உருட்டி வளைத்தால் "ம" வரும். இம்மூன்று எழுத்துக்களும் புள்ளியும் கைவந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நாலு சொற்கள் பிள்ளைக்குச் சொந்தம். பிஸ்கற் பெட்டி மட்டையிலே பசையால் எழுத்தை வரைந்து, காயுமுன் மெல்லிய மணலைத் தூவிவிட்டால், விரலாலே தடவி உணரத்தக்க எழுத்து ஆயத்தம். பிள்ளை அதனைக் கண்ணை மூடிக்கொண்டு தடவி, இன்ன எழுத்து என்று சொல்லும் விளையாட்டிலே பெரியவர்களும் சேரலாம்.

எச்சரிக்கையும் சொல்லவேண்டும். குன்றிமணி கண்ணைக் கவரும். ஆனால் அதன் உள்ளே கொடிய நஞ்சு உண்டு. மஞ்சளலரிக் கொட்டையும் அத்தகையதே. இவை இரண்டும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலே இருக்கலாகாது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எதையும் வாயிலும் மூக்கிலும் இடுவார்களாதலால், அவர்களுக்குப் புளியங்கொட்டையும் வேண்டாம். சிரட்டையும் பேணியும் பெரிய ஓலைப்பந்துமே போதும். சிரட்டையின் விளிம்பை உரசி மழுக்கிக் கொடுங்கள். மட்டையின் கருக்கையும் கத்தியையும் பெரியவர்களே கையாளவேண்டும். எந்த விளையாட்டிலும் பக்கத்திலே ஒருவர் இருத்தல் வேண்டும்.

"இவையெல்லாம் பழங்காலத்துக் கதை, ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் பயிலவேண்டிய காலத்திலே ஓலைப்பாம்பு செய்யச் சொல்லுகிறீரே!" என்று சிலர் கேட்கலாம். பரீட்சையை நான் இகழவில்லை. ஆயின், அந்தப் பரீட்சையின் அச்சம் மூன்று வயதிலேயே வீட்டுக்குள் நுழைந்துவிடுவதை நான் என் வீட்டிலேயே கண்டேன். பத்து வயதிலே எழுதவேண்டியதற்காக மூன்று வயதிலே எழுத்தை வெறுக்கச் செய்தால், இழப்பது பரீட்சையையுந்தான்.

"எங்களுக்கு நேரமில்லை, கைத்தொலைபேசியைக் கொடுத்தால் பிள்ளை பேசாமல் இருக்கின்றது" என்போரும் உளர். பிள்ளை பேசாமல் இருப்பதே அங்கே கவலைக்குரியது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலிலே, ஒரு வயதுக்குட்பட்டோருக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நாலு வயதினருக்கு நாளுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது, குறையக் குறைய நன்று என்றும் கூறியிருக்கின்றது. திரையிலுள்ள கிளி தானே பறக்கும், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். ஓலைக்கிளியைப் பிள்ளைதான் பறக்கவிடவேண்டும். அதற்குக் குரலும் அதுவே கொடுக்கவேண்டும். இவ்வேறுபாட்டை விளக்க வேறு சான்று வேண்டியதில்லை.

வேலைக்குச் சென்று களைத்து வரும் தாய்தந்தையரைக் குற்றஞ் சொல்லுவது என் நோக்கமன்று. அவர்கள் நாள் முழுவதும் இருக்கவேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. அரிசி புடைக்கும்போது சுளகின் ஓரத்திலே ஒரு பிடி பயறு. தேங்காய் துருவியபின் ஒரு சிரட்டை. படுக்குமுன் கால்மணி நேரம். இவ்வளவே.

வாலிப அன்பர்களே, இனி உங்களுக்கு ஒரு விண்ணப்பம். நமது முன்பள்ளிக்கு விளையாட்டுப் பொருள்கள் வாங்கவேண்டுமென்று ஒரு பேச்சு இருக்கின்றது. வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லேன். ஆயின், வாங்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். நம் ஊரிலே ஓலை இழைக்கத் தெரிந்த கைகளை எண்ணிப் பாருங்கள். எண்பதைக் கடந்த சில மூதாட்டிமாரின் கைகளே மிஞ்சும். அவர்களுடைய பேரப்பிள்ளைகளிற் பலர் கடல் கடந்து வாழ்கின்றார்கள். போரினால் ஊர்விட்டு ஊர் பெயர்ந்த காலங்களிலே, கையிலே ஒன்றுமில்லாதபோதும் மணலையும் கல்லையும் கொண்டு பிள்ளைகளைச் சிரிக்க வைத்தவர்கள் அவர்கள். அந்தக் கைகள் ஓய்ந்துவிட்டால், எந்தக் கடையிலே போய் அந்த வித்தையை வாங்குவோம்?

ஆகவே மாதத்திலே ஒரு சனிக்கிழமை மாலை, சங்க மண்டபத்து முற்றத்திலே பாயை விரியுங்கள். வாலிபர்கள் ஓலை வெட்டிக் கொண்டுவாருங்கள்; களிமண்ணும் கொண்டுவாருங்கள். மூதாட்டிமாரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து நடுவிலே இருத்துங்கள். சிறு பிள்ளைகளை அவர்களைச் சுற்றி இருக்கவிடுங்கள். நீங்களும் அருகிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டியவர்கள் நீங்களே. இதற்கு நிதி திரட்டவேண்டியதில்லை, அநுமதி பெறவேண்டியதில்லை. பாயும் பொறுமையும் இருந்தாற் போதும்.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு சொல். "எனக்கு என்ன தெரியும்?" என்று ஒதுங்காதீர்கள். கொக்கான் வெட்டத் தெரியுமா? ஓலையிலே பந்து செய்யத் தெரியுமா? விண் பூட்டிப் பட்டம் ஏற்றத் தெரியுமா? அப்படியாயின் நீங்களும் ஆசிரியரே.

என் பேரனின் கதையை முடித்துவிட்டு அமர்கின்றேன். அவனுக்கு இப்பொழுது ஐந்து வயது. சென்ற தைப்பொங்கலுக்கு முன் ஈர்க்கும் மெல்லிய கடதாசியும் கொண்டு ஒரு சிறு பட்டம் கட்டினோம். கட்டியபின் அவன் உள்ளே ஓடினான். மேசையிலே கிடந்த என் பேனாவை எடுத்துவந்து, யாரும் சொல்லாமலே, பட்டத்தின் மேல் "பட்டம்" என்று எழுதினான். "ம்" மேலிருந்த புள்ளி சற்றே தள்ளி விழுந்திருந்தது. என் கை திருத்துவதற்கு எழுந்தது உண்மை. அப்பாச்சி என்னைப் பார்த்தார். நான் கையை மடக்கிக்கொண்டேன். பட்டம் அந்தப் புள்ளியோடேயே வானத்துக்கு ஏறிற்று.